‘ஏன்’ என்னும் ஒரு சொல்: தட்டைமீனின் முகமும் படைப்பின் நோக்கமும்

தமிழில் ‘ஏன்’ என்னும் ஒரு சொல் இரண்டு வினாக்களைத் தன்னுள் அடக்கியிருக்கிறது. ‘எதனால்’ என்பது ஒன்று. ‘எதற்காக’ என்பது மற்றொன்று. முன்னது மூன்றாம் வேற்றுமை உருபாகிய ‘ஆல்’ ஏற்று, நிகழ்ந்துவிட்ட ஒன்றின் காரணத்தைப் பின்னோக்கித் தேடுகிறது. பின்னது நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’ ஏற்று, அது எந்தப் பயனைக் கருதி நிகழ்ந்தது என்று முன்னோக்கிக் கேட்கிறது. அன்றாடப் பேச்சில் இவ்விரண்டும் கலந்து வழங்குவதால் தீங்கொன்றும் விளைவதில்லை. உயிர்களின் உடலமைப்பைப் பற்றி வினவும்போது மட்டும் இந்தக் கலப்பு பெருஞ்சிக்கலாகிறது; உலகைப் படைத்தவன் ஒருவன் உண்டா, அவன் படைப்புக்கு நோக்கம் உண்டா என்ற வழக்கில் இரு தரப்பினரும் ஒருவரோடொருவர் பேசாமலே பேசிக்கொண்டிருப்பதற்கு இக்கலப்பும் ஒரு காரணம் எனலாம்.

மூன்றாம் வேற்றுமைக்குள்ளேயே வேறொரு நுட்பமும் உண்டு. நன்னூல் முதலிய இலக்கண நூல்கள் அவ்வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்ற பொருள்களைக் கூறுகின்றன. ‘உளியால் ஆனது’ என்றாலும் ‘தச்சனால் ஆனது’ என்றாலும் உருபு ஒன்றே. முன்னதில் அது கருவியையும் பின்னதில் அது கருத்தாவையும், அதாவது செய்பவனையும், குறிக்கிறது. ஆகவே ‘எதனால்’ என்ற வினாவுக்கு ஒரு கருவியை விடையாகக் காட்டியவுடன் கருத்தாவைப் பற்றிய வினா தீர்ந்துவிட்டதா, அல்லது அது இன்னும் எஞ்சியிருக்கிறதா என்பது தனியே ஆராயவேண்டிய ஒன்றாகிறது. இவ்வினாக்களை ஒருங்கே சோதித்துப் பார்ப்பதற்கு, 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் படைப்பு பற்றிய வழக்கில் சான்றாகவே நிறுத்தப்பட்ட ஓர் உயிர் இருக்கிறது: உணவுத்தட்டில் சாதாரணமாகக் காணப்படும் தட்டைமீன்.

தட்டைமீன் என்பது ஒரே இனத்தின் பெயரன்று; இரண்டு கண்களும் தலையின் ஒரே பக்கத்தில் அமைந்திருக்க, மறுபக்கத்தால் கடலடியில் படுத்து வாழும் மீன்களின் ஒரு பெருங்கூட்டத்துக்குரிய பெயர். தமிழகக் கடற்கரையில் நாக்குமீன், எருமைநாக்கு என்று வழங்கப்படுபவை இக்கூட்டத்தைச் சேர்ந்தவை. வட ஐரோப்பாவில் இக்கூட்டத்தின் மிகப் பழகிய பிரதிநிதி ‘பிளேஸ்’ எனப்படும் மீன். லின்னேயஸ் 1758இல் இதற்கு இட்ட பேரினப் பெயரான ‘புளூரோனெக்டெஸ்’ என்பதற்குப் பக்கவாட்டில் நீந்துவது என்று பொருள். பழுப்பான மேற்பக்கத்தில் செம்மஞ்சள் புள்ளிகளும், வெண்மையான அடிப்பக்கமும், கண்களுக்குப் பின்னே வரிசையாகச் சில எலும்புப் புடைப்புகளும் உடைய இம்மீன், வட கடலின் மணற்பாங்கான தரையில் சிப்பிகளையும் புழுக்களையும் தின்று வாழ்கிறது.

இம்மீனின் வாழ்வு வேறொரு வடிவில் தொடங்குகிறது என்பதே மெய்யியலாளர் கவனத்துக்குரிய செய்தி. வட கடலின் தென்பகுதியில் குளிர்கால மாதங்களில் தாய்மீன் விடும் முட்டைகள் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி மணிகள்போல நீரில் மிதக்கின்றன. இரண்டு மூன்று வாரங்களில் அவற்றிலிருந்து வெளிப்படும் குஞ்சு, மற்றெந்த மீன்குஞ்சையும் போலவே நிமிர்ந்து நீந்துகிறது. அதன் தலையில் பக்கத்துக்கொரு கண் இருக்கிறது. நீரோட்டத்தோடு மிதந்து கரையை நெருங்கும் சில வாரங்களில், உடல் ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும் பருவத்தில், இடக்கண் மெல்ல நகரத் தொடங்கி, தலையின் உச்சியைக் கடந்து, வலப்பக்கத்தை அடைகிறது. கண் நகர்வதற்கேற்ப மண்டையோட்டு எலும்புகளும் முறுகுகின்றன, உடல் சாய்கிறது, நிமிர்ந்து நீந்திய குஞ்சு ஆழமற்ற கரையோர மணலில் படுத்துவிடுகிறது. இந்த உருமாற்றத்தைத் தூண்டுவது தைராய்டு சுரப்பியின் இயக்குநீர்; தலைப்பிரட்டையைத் தவளையாக்குவதும், மனிதக் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு இன்றியமையாததாக இருப்பதும் அதே இயக்குநீர்தான்.

வளர்ந்த மீனைக் காண்போர் ‘எதற்காக’ என்ற வினாவைத் தவிர்ப்பது அரிது. தரையில் படுத்திருக்கும் உயிருக்குக் கீழ்க்கண்ணால் பயனில்லை. அக்கண் மேலே வந்துவிட்டது. மேற்பக்கத்தின் நிறம், கண்கள் காணும் தரைக்கேற்ப மாறுகிறது. துடுப்புகளை அசைத்து மணலை மேலே தூவிக்கொண்டு கண்களை மட்டும் வெளியே நீட்டியிருக்கும் மீனைப் பகைவன் எளிதில் காண்பதில்லை. வாய் கோணியிருப்பதும் வீணன்று. தரையிலுள்ள இரையைக் கொத்துவதற்கு வாகாக, அடிப்பக்கத்துத் தாடையும் பற்களுமே வலுவாக அமைந்துள்ளன. தொண்டையிலுள்ள தட்டையான பற்கள் சிப்பியோட்டை நொறுக்குகின்றன. இடம்பெயரும் காலத்தில், தான் செல்லும் திசையில் ஓதநீர் ஓடும்போது மேலெழுந்து அதனோடு மிதப்பதும், அது எதிர்த்திசையில் திரும்பும்போது தரையில் படுத்துக் காத்திருப்பதும் இம்மீனின் இயல்பு. உடலின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு பணிக்கென வகுத்தமைக்கப்பட்டதுபோலத் தோன்றும்போது, வகுத்தவர் யார் என்ற வினா தானே எழுகிறது.

இவ்வினாவுக்கு மக்கள் வழக்கிலிருந்து வந்த விடைகள் பெரும்பாலும் நோக்கத்தைப் பேசாமல் வினைப்பயனைப் பேசுகின்றன. கிரிம் சகோதரர் தொகுத்த ஜெர்மன் கதைகளுள் ஒன்றில், மீன்கள் தமக்கொரு தலைவனைத் தேர்ந்தெடுக்க நீச்சற்போட்டி நடத்துகின்றன; ஹெர்ரிங் மீன் முந்தியதைக் கேட்டுப் பொறாமையால் இழித்துரைத்த பிளேஸ் மீனின் வாய் அன்றுமுதல் கோணிப்போயிற்று என்பது கதை. செங்கடலில் வாழும் ஒரு தட்டைமீனுக்கு மோசேயின் பெயர் வழங்குகிறது. அவர் கடலைப் பிளந்தபோது நடுவிலிருந்த மீன் இரு பாதியாயிற்று என்பது அங்குள்ள நம்பிக்கை. இக்கதைகளைப் பேதைமை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் இவை ஒரு செய்தியைக் கூர்மையாகக் கண்டிருக்கின்றன: இம்மீனின் வடிவம் தொடக்கத்திலிருந்தே இவ்வாறு இருந்ததன்று, முன்பு வேறாக இருந்து, ஏதோ ஒன்று நேர்ந்து, பின்பு இவ்வாறாயிற்று. முகத்தில் ஒரு வரலாறு இருக்கிறது என்பதைக் கதைசொல்லிகள் உணர்ந்திருந்தார்கள்.

ஐரோப்பியக் கிறித்தவச் சிந்தனையில் நிலைபெற்றிருந்த விடை இதனின்றும் வேறானது. ஆங்கிலிகத் திருச்சபையைச் சேர்ந்த வில்லியம் பேலி 1802இல் வெளியிட்ட ‘இயற்கை இறையியல்’ என்ற நூலில், ஒரு கடிகாரத்தின் உறுப்புகள் ஒரு நோக்கத்துக்கேற்பப் பொருந்தியிருப்பதைக் காண்பவர் அதைச் செய்த கைவினைஞனை ஊகித்தறிவதுபோல, உயிர்களின் உறுப்புகள் பொருந்தியிருப்பதைக் கண்டு இறைவனை ஊகித்தறியலாம் என்று வாதிட்டார். தமிழ் இலக்கண மொழியில் சொன்னால், பேலியின் வாதம் நான்காம் வேற்றுமையிலிருந்து மூன்றாம் வேற்றுமைக்குத் தாவுகிறது: ஒன்றுக்காக இருப்பது ஒருவனால் செய்யப்பட்டதே ஆகும் என்பது அதன் சாரம். தாவும் இடத்தில் ‘கருவி’ என்ற வாய்ப்பை விட்டுவிட்டுக் ‘கருத்தா’ என்ற வாய்ப்பை மட்டும் பற்றிக்கொள்வதே அவ்வாதத்தின் வலிமை. அதன் வலுவின்மையும் அதுவே.

1859இல் வெளிவந்த டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ விடுபட்டுப்போன அந்த வாய்ப்பை நிரப்பியது. சிறுசிறு வேறுபாடுகளுள் பயன்தருபவை தலைமுறைதோறும் நிலைத்துச் சேர்வதாகிய இயற்கைத் தேர்வு, முன்கூட்டிய திட்டமின்றியே பொருத்தத்தை விளைக்கும் ஒரு கருவி என்று அவர் காட்டினார். இதற்கு எதிராகத் தட்டைமீனைச் சான்றாக நிறுத்தியவர் செயின்ட் ஜார்ஜ் மிவார்ட் என்னும் ஆங்கில விலங்கியலறிஞர். கத்தோலிக்கராக மதம் மாறிய மிவார்ட், பரிணாமத்தை ஏற்றுக்கொண்டவர்; இயற்கைத் தேர்வு மட்டுமே அதற்குப் போதும் என்பதைத்தான் மறுத்தார். கண் தலையைச் சுற்றி முழுமையாக நகர்ந்து வந்தபின் பயன் உண்டு. ஆனால் நகர்வின் தொடக்கத்தில், அது இம்மியளவு மட்டும் இடம்பெயர்ந்து இன்னும் மணலையே பார்த்துக்கொண்டிருந்த நிலையில், அந்த இம்மியால் என்ன பயன் என்று 1871இல் வெளியிட்ட நூலில் அவர் கேட்டார். பயனற்ற தொடக்கத்தை இயற்கை தேர்ந்தெடுக்க முடியாது; ஆகவே உயிர்களை உள்ளிருந்து இயக்கும் வேறோர் ஆற்றல் வேண்டும் என்பது அவர் முடிபு.

டார்வின் 1872இல் தம் நூலின் 6ஆம் பதிப்பில் இதற்கு விரிவாக விடையளித்தார். இளம் தட்டைமீன்கள் ஒருபக்கமாகச் சாயும்போது கீழ்க்கண்ணை மேல்நோக்கித் திருப்ப மிகவும் முயல்கின்றன என்றும், அப்பருவத்தில் மண்டையோடு குருத்தெலும்பாக இருப்பதால் அம்முயற்சிக்கு வளைந்துகொடுக்கிறது என்றும் சுவீடன் நாட்டு மால்ம் கண்டறிந்ததை எடுத்துக்காட்டி, இம்முயற்சியின் விளைவு மரபாகத் தொடர்ந்தது, இயற்கைத் தேர்வு அதற்குத் துணைநின்றது என்று விளக்கினார். ஒருவர் வாழ்நாளில் முயன்று பெற்ற மாற்றம் பிள்ளைகளுக்கு மரபாக இறங்கும் என்ற கருத்தை இன்றைய உயிரியல் இவ்வகையில் ஏற்பதில்லை. ஆக, மிவார்ட் கேட்ட வினா கூர்மையானது. டார்வின் அளித்த விடையில் ஒரு பாதி நிலைக்கவில்லை. வழக்கை அவரவர் நம்பிக்கைக்கேற்ப முடித்துவைக்க இரு தரப்பிலும் பலர் விரைந்தபோதிலும், மீன் மேலும் ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேலாக விடையின்றிக் காத்திருந்தது. 20ஆம் நூற்றாண்டில் ரிச்சர்ட் கோல்ட்ஷ்மிட் என்னும் மரபியலறிஞர், இத்தகைய வடிவம் படிப்படியாக அன்றி ஒரே பாய்ச்சலில் தோன்றியிருக்கக்கூடும் என்று கருதியதற்கும் இடைநிலை வடிவங்கள் கிடைக்காமையே இடமளித்தது.

2008இல் தொல்லுயிரியலறிஞர் மேட் ஃப்ரீட்மன் வெளியிட்ட ஆய்வு இடைநிலை வடிவங்களை முன்வைத்தது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட, இத்தாலியின் மோன்டே போல்கா முதலிய இடங்களில் கிடைத்த ஆம்ஃபிஸ்டியம், ஹெட்டரோனெக்டெஸ் என்னும் புதைபடிவ மீன்களில், ஒரு கண் தலையுச்சியை நோக்கி நகர்ந்திருந்தும் மறுபக்கத்தை அடையவில்லை. அவை வளர்ந்த மீன்கள். பாதி வழியில் நின்ற கண்ணோடு வாழ்ந்து முதிர்ந்தவை. இவை புதிதாகத் தோண்டி எடுக்கப்பட்டவையும் அல்ல. அருங்காட்சியகங்களில் முன்பே இருந்து, உற்றுநோக்கப்படாமல் கிடந்தவை. பாதி நகர்வால் பயனில்லை என்ற மிவார்ட்டின் கூற்றுக்கு மறுமொழி பேழைக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

இவ்வழக்கில் தமிழகக் கடற்கரைக்கும் ஓர் உண்மையான பங்குண்டு. இன்று வாழும் தட்டைமீன்களுள் பழைய சாயல்களை மிகுதியாகக் காத்துவைத்திருப்பது, இந்திய ஹாலிபட் என்று வணிகத்தில் வழங்கும் மீன். இதன் நகர்ந்த கண் தலையின் விளிம்பிலேயே நின்றுவிடுகிறது; முதுகுத்துடுப்பு மற்றத் தட்டைமீன்களில்போலத் தலைமேல் ஏறுவதில்லை; இடப்பக்கம் கண்ணுள்ளவையும் வலப்பக்கம் கண்ணுள்ளவையும் ஏறத்தாழச் சம அளவில் காணப்படுகின்றன. தரங்கம்பாடியிலிருந்து சென்ற மீனைக் கொண்டு, பிளாக், ஷ்னைடர் ஆகிய இருவர் பெயரால் 1801இல் வெளியான நூல் இதற்கு அறிவியற்பெயர் சூட்டியது. அப்பெயரின் பிற்பகுதியான ‘எருமெய்’ என்பது எருமைநாக்கு என்ற தமிழ்ப்பெயரின் முற்பகுதியே. தரங்கம்பாடியிலிருந்த சி. எஸ். ஜான் போன்ற கிறித்தவ மறைப்பணியாளர்கள் பெர்லினிலிருந்த பிளாக்குக்கு மீன்களைத் தொகுத்து அனுப்பிவந்தனர். படைப்பைப் போற்றும் பொருட்டுச் சேகரித்தவர்களின் கைவழியே, படைப்புவாதத்துக்குச் சிக்கலாகப்போகும் ஒரு மீன்வகை ஐரோப்பிய நூலுக்குள் நுழைந்தது எனலாம்.

இவையெல்லாம் சேர்ந்து எதை நிறுவுகின்றன, எதை நிறுவவில்லை என்று பிரித்துக் காண்பது அவசியம். முன்திட்டமின்றியே பொருத்தம் விளையலாம் என்பதை இவை நிறுவுகின்றன. ஆகவே பொருத்தத்தைக் கண்டவுடன் திட்டமிட்டவனை ஊகிக்கும் பேலியின் தாவல் இனிச் செல்லாது. ஆனால் கருவியைக் கண்டது கருத்தாவை இல்லையென்று காட்டியதாகாது. இலக்கணம் கருத்தாவையும் இரண்டாகப் பகுக்கிறது: கோயிலைத் தன் கையால் கட்டும் தச்சன் இயற்றுதற் கருத்தா, கட்டச் சொன்ன அரசன் ஏவுதற் கருத்தா. டார்வின் காலத்திலேயே சமயப்பற்றுடைய சிலர் இறைவனை முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு மாற்றிக்கொண்டனர். தம்மைத் தாமே உருவாக்கிக்கொள்ளவல்ல உயிர்களைப் படைத்ததும் இறைமைக்குக் குறைவன்று என்று பாதிரியாரும் எழுத்தாளருமான சார்ல்ஸ் கிங்ஸ்லி 1859இல் டார்வினுக்கு எழுதினார். அமெரிக்கத் தாவரவியலறிஞர் ஏசா கிரே, வேறுபாடுகள் நல்வழியில் நடத்தப்பட்டிருக்கலாம் என்று கருதினார். டார்வின் 1868இல் இதற்கு ஓர் உவமையால் விடை கூறினார்: மலைச்சரிவில் உருண்டு விழுந்த கற்களைப் பொறுக்கி ஒருவன் வீடு கட்டினால், கற்கள் அவ்வடிவில் உடைந்ததற்கு இயற்கை விதிகளே காரணம், அவனது வீட்டின் பொருட்டு அவை அவ்வாறு உடைந்தன என்று கூற இயலாது.

சைவ சித்தாந்தம் இவ்வினாவை அணுகிய முறை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்பதுபோல, உலகுக்கு மாயை முதற்காரணமாகவும், இறைவனது சக்தி துணைக்காரணமாகவும், இறைவன் நிமித்த காரணமாகவும் அது வகுக்கிறது. குயவன் உவமையளவில் இது பேலியின் கடிகாரத்தை நினைவூட்டினாலும், நோக்கத்தைக் கூறும் இடத்தில் இரண்டும் பிரிகின்றன. சித்தாந்தத்தில் உடல் என்பது அவ்வுடலில் உறையும் உயிரின் வினைக்கேற்ப, அவ்வுயிர் மலம் நீங்கும்பொருட்டுக் கிடைப்பது. ஆகவே மீனுடல் எவருக்காக என்று கேட்டால், மீனாய்ப் பிறந்த உயிருக்காக என்பதே விடையாகும், உண்பவருக்காக என்பது ஆகாது. படைப்போனையே மறுத்து, உயிரையும் வினையையும் மட்டும் ஏற்ற சமணமும் இந்த ஒரு செய்தியில் மாறுபடவில்லை. இக்கொள்கைகளை உயிரியல் உறுதிப்படுத்துகிறது என்று கூறுவது மிகை. ஆயினும் ‘எதற்காக’ என்பதை ‘எவருக்காக’ என்று திருத்திக் கேட்க அவை கற்றுத்தருகின்றன.

அவ்வாறு திருத்திக் கேட்டாலும் சில இடங்களில் விடையே கிடைப்பதில்லை. பசிபிக் கடலின் வடபகுதியில் வாழும் விண்மீன் ஃபிளவுண்டர் என்னும் தட்டைமீன், கண்கள் வலப்பக்கம் அமையும் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் ஜப்பானியக் கடல்களில் அது ஏறத்தாழ முழுவதும் இடப்பக்கம் கண்களுடையதாகவும், அலாஸ்காவில் நூற்றுக்கு எழுபது அளவில் இடப்பக்கம் கண்களுடையதாகவும், அமெரிக்க மேற்குக் கரையில் ஏறத்தாழப் பாதிக்குப் பாதியாகவும் இருக்கிறது. இடப்பக்கம் திரும்பியவற்றின் பார்வை நரம்புகள் தேவைக்கு மேல் ஒரு முறுக்கு அதிகமாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அந்த முறுக்கு எப்பயனுக்கும் உதவுவதாகத் தெரியவில்லை. அது மரபுவழி வந்த ஓர் ஏற்பாட்டின் மிச்சம். முழுத்திறனுள்ள கைவினைஞன் இவ்வாறு செய்யமாட்டான் என்று நாத்திகர் இதைக் கொண்டு வாதிடலாம். அறியாத நோக்கம் இருக்கலாம் என்று ஆத்திகர் மறுக்கலாம். இருவரும் பொருத்தத்தை மட்டுமே எடைபோடுகின்றனர். மிச்சமோ வேறொன்றைக் கூறுகிறது: இவ்வுடல் வெற்றுத்தாளில் வரையப்பட்டதன்று, முன்பிருந்த ஓர் உடலைத் திருத்தித் திருத்தி எழுதப்பட்டது.

நோக்கத்தைப் பற்றிய வினா முட்டைகளின் எண்ணிக்கையில் மேலும் கடுமையாகிறது. பெரிய பெண் பிளேஸ் ஒரு பருவத்தில் 5 லட்சம் முட்டைகள் வரை இடுகிறது. இம்மீன் பல ஆண்டுகள் வாழக்கூடியது. கூட்டத்தின் எண்ணிக்கை மாறாதிருக்க வேண்டுமானால் ஓர் இணையின் வாழ்நாள் முட்டைகள் அனைத்திலுமிருந்து இரண்டே இரண்டு முதிர்ந்தால் போதும். மற்றவை பிற மீன்களுக்கு இரையாகின்றன. நீரோட்டம் தவறிய இடத்தில் சேர்த்ததால் அழிகின்றன. நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் கரையோரமுள்ள வாடன் கடலின் சேற்றுமணலில் வந்து படுத்த சில நாட்களிலேயே பழுப்பு இறால்களின் வாய்க்குள் போகின்றன. கடுங்குளிரால் இறால்களும் பிற பகைவரும் குறைந்த 1963ஆம் ஆண்டு போன்ற காலங்களில் மிகுதியான குஞ்சுகள் பிழைத்தன. பிழைத்த குஞ்சு அழிந்ததைவிடச் சிறந்தது என்று எப்போதும் கூறமுடியாது; பலவேளை அது பிறந்த ஆண்டு மட்டுமே நல்லதாக இருந்தது. ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு நோக்கம் உண்டெனில், கடல் என்பது நிறைவேறாத நோக்கங்களின் பெருவெளியாகிவிடும். நோக்கம் முட்டைக்கு முன்னே நிற்பதன்று, பிழைத்த உடல் தன் வாழ்வால் உண்டாக்கிக்கொள்வது என்று கொண்டால் இந்தப் பேரழிவு துயரமாகலாம், முரண்பாடாகாது.

இப்பெருக்கத்தை மனிதர் தமக்கான கொடையாக வாசித்தபோது வேறொரு பிழை பிறந்தது. டென்மார்க்கின் லிம்ஃபியோர்ட் நீர்ப்பரப்பில் யென்ஸ் வேவர் என்னும் மீனவர் 1848இல் பிளேஸ் மீனைப் பிடிப்பதற்கென ஒரு புதிய சூழ்வலை முறையை உருவாக்கினார்: நங்கூரமிட்ட இடத்திலிருந்து நீண்ட கயிறுகளோடு வலையைச் சுற்றிவளைத்து விட்டு, கயிறுகளைச் சுருட்டும்போது அவை தரையைத் தேய்த்து வந்து மீன்களை வலைக்குள் ஒதுக்கும். இங்கிலாந்தில் இழுவலைகள் பெருகியபோது, தூண்டிற்கயிற்று மீனவர்கள் அவை கடலடியை அழிப்பதாக முறையிட்டனர். 1863இல் அமைக்கப்பட்ட அரச ஆணையத்தில் தாமஸ் ஹக்ஸ்லி இருந்தார். 1866இல் வெளிவந்த அதன் அறிக்கை கட்டுப்பாடுகளை நீக்கவே பரிந்துரைத்தது. 1883இல் லண்டன் மீன்வளக் கண்காட்சியில் பேசிய ஹக்ஸ்லி, காட், ஹெர்ரிங் போன்ற பெருங்கடல் மீன்வளங்கள் அனேகமாக வற்றாதவை என்றார். இயற்கையில் மடியும் எண்ணிக்கைக்கு முன் மனிதர் பிடிப்பது பொருட்படுத்தத்தக்கதன்று என்பது அவர் காரணம். டார்வினுக்காகச் சமயவாதிகளோடு வாதிட்டு, இயற்கையிலிருந்து அருட்காப்பை நீக்கியவர் அவர். அவரே, கடல் தன்னைத் தானே நிறைத்துக்கொண்டு மனிதருக்கு அளித்துக்கொண்டிருக்கும் என்று நம்பியது, நீக்கிய காப்பு வேறு பெயரில் திரும்பி வந்ததையே காட்டுகிறது.

அந்நம்பிக்கையைச் சோதித்தது போர். இரண்டு உலகப்போர்களின்போதும் வட கடலில் மீன்பிடித்தல் பெரிதும் தடைப்பட்டது. போர் முடிந்து படகுகள் திரும்பியபோது, முதிர்ந்த பெரிய பிளேஸ் மீன்கள் முன்பைவிட ஏராளமாக இருந்தன. சில ஆண்டுகளில் அவை மீண்டும் குறைந்தன. எவரும் திட்டமிடாத இச்சோதனை, மீன்களின் அளவையும் எண்ணிக்கையையும் முடிவு செய்வதில் வலைக்குப் பெரும்பங்குண்டு என்பதை ஐயமற நிறுவியது. இதற்கு முன்பே டேனிஷ் அறிஞர் பீட்டர்சன், வளரும் பருவத்திலேயே மீன்களை அள்ளிவிடுவதால் அவை அடையக்கூடிய எடை வீணாவதைச் சுட்டிக்காட்டியிருந்தார். இங்கிலாந்தின் லோஸ்டாஃப்டில் பணியாற்றிய பெவர்ட்டன், ஹோல்ட் ஆகியோர் 1957இல் வெளியிட்ட பெருநூல், வட கடல் பிளேஸ் மீனையே முதன்மைச் சான்றாகக் கொண்டு, வளர்ச்சி, இயற்கை மரணம், மீன்பிடி மரணம் ஆகியவற்றைக் கணித உறவுகளாக அமைத்தது. இன்றைய மீன்வள அறிவியலின் அடித்தளங்களுள் ஒன்றாக அந்நூல் விளங்குகிறது.

ஆயினும் கணிதம் வலைக்குள் தானே நுழைவதில்லை. 1960களுக்குப் பின் பரவிய தண்டு இழுவலை, முன்னே கனத்த சங்கிலிகளை இழுத்து மணலில் புதைந்த மீன்களைக் கிளப்பி விழுங்குகிறது. பகைவனிடமிருந்து மறைக்கும் மணற்போர்வை சங்கிலிக்கு முன் பயன்படவில்லை. விலை மிகுந்த, உடல் மெலிந்த ‘சோல்’ என்னும் தட்டைமீனைப் பிடிக்க வலைக்கண்ணை 80 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறிதாக்கியதால், விற்பனைக்குரிய குறைந்தபட்ச நீளமாகிய 27 சென்டிமீட்டரை எட்டாத பிளேஸ் மீன்கள் பெருந்தொகையாக அகப்பட்டன. கடலில் மீண்டும் வீசப்பட்டவற்றுள் பல பிழைக்கவில்லை. 1989இல் வாடன் கடலையொட்டிய பரப்பில் பெரிய இழுவலைப் படகுகளுக்குத் தடைவிதித்து ‘பிளேஸ் பெட்டி’ என்ற காப்புப்பகுதி அமைக்கப்பட்டது. 1995இல் அத்தடை ஆண்டு முழுவதற்கும் நீட்டிக்கப்பட்டது. ஆனால் எதிர்பார்த்த பெருக்கம் அங்கே நிகழவில்லை. நீர் வெதும்பியதும் ஒரு காரணமாக, இளமீன்கள் பெட்டிக்கு வெளியே ஆழ்நீருக்கு நகர்ந்தன. பின்னர், 2007இல் ஐரோப்பிய ஒன்றியம் நீண்டகாலத் திட்டமொன்றை வகுத்துப் பிடிப்பளவைக் குறைத்தபின், வட கடல் பிளேஸ் வளம் குறிப்பிடத்தக்க அளவு மீண்டது. பெட்டியின் எல்லையை மனிதர் வரைந்தார்கள்; அதற்குள் இருப்பதா என்பதை மீன் முடிவு செய்தது. தனக்கென ஒரு நன்மையை உடைய உயிர், பிறர் வகுத்த நோக்கத்துக்குள் அடங்கி நிற்பதில்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

இவ்வாறு பார்க்கும்போது, தட்டைமீனின் முகம் இறைவன் உண்டு என்றோ இல்லை என்றோ தீர்ப்பளிப்பதில்லை. ஏவுதற் கருத்தாவைப் பற்றிய வினா அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. அதை நம்பிக்கையாலோ வேறு வகை நியாயத்தாலோதான் அணுகவேண்டும். அம்முகம் தீர்த்துவைப்பது இரண்டு செய்திகளை. முதலாவது, பொருத்தம் என்பது வரலாற்றின் விளைவாக இருக்கலாம்; பாதி நகர்ந்த கண்ணும் அதையுடைய உயிருக்கு வாழப் போதுமானதாக இருந்தது. இரண்டாவது, மீனுடலில் காணப்படும் பயன்கள் அனைத்தும் மீனுக்கே உரியவை; மேல்நோக்கிய கண் மீன் காண்பதற்காக, கோணிய வாய் மீன் உண்பதற்காக. உண்பவரின் தட்டு அந்த வரிசையில் எங்கும் இடம்பெறவில்லை. உண்பது தவறு என்று இதிலிருந்து முடிவாகாது. உண்பதற்கென்றே அது இருக்கிறது என்ற சமாதானத்துக்கு மட்டும் இனி இடமில்லை.

நான்காம் வேற்றுமைக்குப் ‘பொருட்டு’ ஒன்றே பொருளன்று. கொடை, பகை, நட்பு, தகுதி, அதுவாதல், பொருட்டு, முறை என்று அதன் பொருள்களை இலக்கணம் விரிக்கிறது. முறை என்பது ‘சாத்தனுக்கு மகன்’ என்பதில் உள்ளதுபோன்ற உறவுமுறை. கடலை வற்றாத கொடை என்று எண்ணியவர்கள் முதற்பொருளைப் பற்றிக்கொண்டனர். சங்கிலி பூட்டிய வலை இரண்டாம் பொருளைச் செய்துகாட்டியது. 27 சென்டிமீட்டர் என்ற அளவு தகுதியை வரையறுக்க முயல்கிறது. பக்கத்துக்கொரு கண்ணோடு பிறந்து, மனிதக் குழந்தையை வளர்க்கும் அதே இயக்குநீரால் முகம் திரும்பிப் படுக்கும் இம்மீனைப் பொறுத்தவரை, டார்வினின் வழிவந்த ஆய்வு இறுதியில் சென்றடைவது கடைசிப் பொருளையே: மனிதருக்கு மீன் உணவு என்பதற்கு நெடுங்காலம் முன்பே, மனிதருக்கு மீன் உறவு.